மேற்படி நபர் நானே

என் பெயரை வேறொருத்தி வைத்துக்கொண்டு திரிகிறாள் என்பது எனக்குத் தெரியவந்தது ஒரு திங்கட்கிழமை காலையில். பத்தொன்பது வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பித்துப் புது அட்டை வாங்க வேண்டும். அட்டை இல்லாதவள் வார்டில் தலையணையைக்கூட நகர்த்தக் கூடாது என்பது சட்டம். அதனால் ராத்திரி வேலை முடிந்த கையோடு ஆஸ்பத்திரி ஆபீசுக்குப் போய் விண்ணப்பத்தை நீட்டினேன். குமாஸ்தா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார்.

"சிஸ்டர், நீங்கதான் ரெண்டு மாசம் முன்னாடியே புதுப்பிச்சுட்டீங்களே."

"நான் எங்க புதுப்பிச்சேன்?"

"இதோ இருக்கே. புது விலாசம், புது போன் நம்பர், புது போட்டோ. அட்டைகூட வீட்டுக்கு வந்திருக்குமே." திரையை என் பக்கம் திருப்பினார். என் பெயர், என் பிறந்த தேதி, என் அம்மா பெயர், என் பதிவு எண். அதற்கு மேலே, நான் ஜென்மத்தில் பார்த்திராத ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள்.

"போட்டோல கொஞ்சம் இளைச்சிருக்கீங்க," என்றார் குமாஸ்தா.

"அது நான் இல்ல சார்!"

அவர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். கடைசியில் திரையை நம்புவது என்று முடிவு செய்தார்.

நேராக எங்கள் மேட்ரனிடம் போனேன். நல்ல மனுஷிதான். ஆனால் சட்டம் என்று வந்துவிட்டால் தன் நிழலையும் நம்ப மாட்டார். "உன்னை எனக்குத் தெரியாதாம்மா? ஆனா பழைய அட்டை நாளையோட காலாவதி. மாசக் கடைசிக்குள்ள புது அட்டை கொண்டா. அதுவரைக்கும் துணி ஸ்டோர்ல இரு. கொண்டு வரலைன்னா உன் இடத்துக்கு வேற ஆளப் போடச் சொல்லி மேலிடத்துல இருந்து வந்துரும்," என்றார். மாசக் கடைசிக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

அதைவிட ஒரு விஷயம் என் நெஞ்சை அடைத்தது. அந்தச் சிரித்த முகக்காரி என் அட்டையை வைத்துக்கொண்டு சும்மாவா உட்கார்ந்திருப்பாள்? ஏதோ ஒரு ஆஸ்பத்திரியில், என் பெயரில், யாருடைய கையிலோ ஊசியை ஏற்றிக்கொண்டிருப்பாள். அவளுக்கு அந்த வேலை தெரியுமா, தெரியாதா? யாருக்குத் தெரியும்?

நர்ஸ், டாக்டர், ஆசிரியர், கொத்தனார் என்று எல்லாருடைய விவரங்களும் இருப்பது தன்விவரப் பாதுகாப்பு அலுவலகத்தில். ஆறு மாடிக் கட்டிடம். வாசலிலேயே ஆள் உயரப் பலகை: "பிறந்த தேதியை யாரிடமும் சொல்லாதீர்!" பலகைக்குக் கீழே மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ஊழியர் என்னிடம் பிறந்த தேதியைக் கேட்டார். சொன்னால்தான் டோக்கன்.

சொன்னேன். 212 என்று முத்திரை குத்திய ஒரு காகிதத் துண்டைக் கையில் திணித்தார்.

உள்ளே ஒரு பெரிய கூடம். இருநூறு நாற்காலி, முந்நூறு பேர். சுவரில் நாலு ஒலிபெருக்கிகள். இந்த அலுவலகத்தில் 'உரக்கச் சரிபார்த்தல்' என்று ஒரு நடைமுறை உண்டு. ஒருவருடைய முறை வந்ததும் அவருடைய முழுப் பெயர், பிறந்த தேதி, தாயார் பெயர், வீட்டு எண், ரகசியக் கேள்வி, அதற்கான ரகசிய விடை எல்லாவற்றையும் மைக்கில் படிப்பார்கள். பிறகு, "ஆட்சேபணை உள்ளவங்க கை தூக்கலாம்!" என்பார்கள். யாரும் தூக்காவிட்டால் அந்த விவரம் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

நான் உட்கார்ந்திருந்த மூன்று மணி நேரத்தில் நூற்றுச் சொச்சம் பேருடைய அம்மா பெயர் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு பெரியவருக்கு இடது தோளில் மச்சம் என்று படித்தார்கள். அவர் வலது தோள் என்றார். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். வலது தோள்தான். ஆனாலும் பதிவில் இருப்பதுதான் செல்லும் என்று சொல்லி, மச்சத்துக்குத் திருத்தல் மனு எழுதச் சொல்லி அனுப்பினார்கள்.

என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு நோட்டுப் புத்தகத்தில் மளமளவென்று எழுதிக்கொண்டே இருந்தார்.

"உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல மேடம். தினம் வருவேன்."

"எதுக்கு?"

"ஃபேன் காத்து நல்லா வரும்," என்று பக்கத்தைப் புரட்டினார். "கடைசியாப் படிச்சது பதினெட்டா, எட்டா?"

புகார் என்றதால் என்னை மைக்கில் படிக்காமல் நேராகக் கவுண்டருக்கு அனுப்பினார்கள். அங்கே மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் இருந்தார். நான் நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். "முதல்ல நீங்க நீங்கதானான்னு பாக்கணும். ரகசியக் கேள்வி. உங்களுக்குப் பிடிச்ச நிறம்?"

"நீலம்."

"தப்பு."

"எனக்குப் பிடிச்ச நிறம் எனக்குத் தெரியாதா?"

"பச்சைன்னு இருக்கு. ரெண்டு மாசம் முன்னாடி நீங்களே வந்து மாத்தியிருக்கீங்க."

"அதைத்தானேம்மா சொல்ல வந்தேன்! நான் மாத்தல. வேற ஒருத்தி வந்து மாத்திட்டுப் போயிருக்கா."

"உங்களுக்குப் பிடிச்ச நிறத்தை வேற ஒருத்தங்க எப்படி மாத்த முடியும்?" என்று நிஜமாகவே ஆச்சரியப்பட்டார் அந்த அம்மாள். "அடுத்த கேள்வி. திருமணமானவரா?"

"ஆமாம். பதினஞ்சு வருஷம் ஆச்சு."

"தப்பு. மணமாகாதவர். மூணு கேள்வியில ரெண்டு தப்பு. உங்க புகாரை எடுத்துக்க முடியாது. விவரத்துக்குச் சொந்தக்காரங்க மட்டும்தான் புகார் குடுக்கலாம்."

"சொந்தக்காரி நான்தான்!"

"சொந்தக்காரங்களுக்கு ஒரு புகாரும் இல்லையே," என்று திரையைப் பார்த்துச் சொன்னார். "போன மாசம்தான் நம்ம சேவையில முழுத் திருப்தின்னு கருத்துப் படிவம் நிரப்பியிருக்காங்க. அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க."

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "சரிம்மா, அவ விலாசத்தையாவது சொல்லுங்க. நானே நேர்ல போய்க் கேட்டுக்கிறேன்."

கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்தினார். அதுவரை யாருமே அந்தக் கூடத்தில் குரலைத் தாழ்த்தவில்லை. "மேடம், அது அவங்க தனிப்பட்ட விவரம். இன்னொருத்தர் விவரத்தைக் கேக்குறதே குத்தம். உங்க நல்லதுக்குச் சொல்றேன்." சொன்னதோடு நிற்கவில்லை. பிறருடைய விவரத்தைக் கவர முயன்றதற்காக எழுத்துமூல எச்சரிக்கை ஒன்றும் கொடுத்தார். அதில் என் பெயர் சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து எச்சரிக்கைக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜை மேல் எறிந்து, நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்த்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "பதினஞ்சு வருஷமா என்னை மணமாகாதவளோட குடும்பம் நடத்த வச்சிருக்கியே," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு, "சரி விடு. நாளைக்கு நான் வர்றேன். கட்டின புருஷன் வந்து சொன்னா அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு, கையில் ஒட்டிய கிரீஸைக்கூட முழுதாகத் தேய்க்காமல் வந்தார். இந்த முறை எங்களைப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கே அனுப்பினார்கள். அகலமான மேஜை, அதைவிட அகலமான மனிதர். பேசும்போது இரண்டு கைகளையும் ஆசீர்வாதம் செய்வதுபோல வைத்துக்கொள்வார்.

"சார், இவ என் பொண்டாட்டி. இவ பெயர்ல வேற ஒருத்தி அட்டை வாங்கியிருக்கா," என்றார் என் வீட்டுக்காரர்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். முகம் இருண்டது. "தம்பி, யோசிச்சுப் பேசுறீங்களா? இந்தம்மாவோட பதிவுல மணமாகாதவர்னு இருக்கு. மணமாகாத ஒரு பொண்ணை என் பொண்டாட்டின்னு அரசாங்க ஆபீசுல வந்து உரிமை கொண்டாடுறீங்க. இதுக்கு என்ன தண்டனைன்னு தெரியுமா?"

"அப்போ தினமும் யாருக்கு சார் நான் டீ போட்டுக் குடுக்குறேன்?"

"அது உங்க மனசாட்சிக்குத்தான் தெரியும்," என்றார் அதிகாரி.

வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நான் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தேன். அதிகாரி கைகளை ஏந்திக்கொண்டு எங்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

"இங்க பாருங்கம்மா. இந்த ஆபீஸ் ஆரம்பிச்சு பதினோரு வருஷம் ஆகுது. இதுவரைக்கும் ஒரு விவரம்கூடத் திருடு போனதில்ல. எப்படின்னு கேளுங்க."

நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"ஒரு விவரம் ஒருத்தர்கிட்ட இருந்து இன்னொருத்தர்கிட்டப் போயிருச்சுன்னு வச்சுக்குங்க. போன நிமிஷத்துல இருந்து அது அவங்க விவரம் ஆயிடுது. அவங்க விவரத்தை நாங்க உயிரைக் குடுத்துப் பாதுகாக்குறோம். அப்புறம் அதுல திருட்டு எங்க இருக்கு? நீங்க பதட்டப்படவே தேவையில்ல. உங்க விவரம் இப்ப ரொம்பப் பத்திரமான கையில இருக்கு. உங்களைவிட அவங்க கவனமா வச்சிருக்காங்க. விலாசம் மாறினதும் சொன்னாங்க, நிறம் மாறினதும் சொன்னாங்க. நீங்க கடைசியா எப்பம்மா வந்தீங்க?"

"அஞ்சு வருஷம் முன்னாடி."

"பாத்தீங்களா!" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெற்ற பிள்ளையைச் சந்தையில் விட்டுவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

வெளியே வரும்போது வராந்தாச் சுவரில் ஒரு பலகை கண்ணில் பட்டது. 'இந்த மாதத்தின் விழிப்பான நபர்.' கீழே கொட்டை எழுத்தில் என் பெயர். மேலே அந்தச் சிரித்த முகக்காரியின் போட்டோ. தனிப்பட்ட விவரம் வெளியாகக் கூடாது என்பதற்காகக் கண்களின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தார்கள். சிரிப்பை மட்டும் மறைக்கவில்லை. வீட்டுக்காரர் என் முதுகில் கையை வைத்துத் தள்ளிக்கொண்டே வெளியே கூட்டிவந்தார். இல்லாவிட்டால் அந்தப் பலகையை அன்றைக்கு நான் கழற்றியிருப்பேன்.

துணி ஸ்டோரில் என் வேலை போர்வைகளை எண்ணுவது. காலையில் எண்ணுவேன், மாலையில் எண்ணுவேன். அதே இருநூற்று நாற்பதுதான் இருக்கும். பத்தாம் நாள், குழந்தைகள் வார்டிலிருந்து அலறல் கேட்டு ஓடினேன். நாலு வயதுப் பெண் குழந்தை. வாந்தியும் பேதியுமாக உடம்பில் தண்ணீரே இல்லாமல் துவண்டு கிடந்தது. புதிதாக வந்த நர்ஸ் மூன்று தரம் குத்திவிட்டாள், நரம்பு கிடைக்கவில்லை. குழந்தையின் அம்மா, "போதும் விட்டுருங்க, விட்டுருங்க!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த நரம்பு வாசலில் நின்றபோதே தெரிந்தது. பத்தொன்பது வருடப் பழக்கம். இரண்டு அடி எடுத்துவைத்தேன். மேட்ரன் குறுக்கே வந்தார்.

"கை வைக்காதம்மா. உன் கால்ல வேணா விழுறேன், வைக்காத. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யார் போட்டதுன்னு கேப்பாங்க. நான் யார் பெயரை எழுதுறது?"

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கட்டிலுக்கு ஓரமாக நின்று, "மணிக்கட்டை விட்டுரு. பாதத்துல பாரு. கட்டை விரலுக்கு மேல. இன்னும் படுக்க வை ஊசியை. இன்னும். ம், இப்ப போ," என்றேன். குழாயில் ரத்தம் தெரிந்தது, நரம்பு கிடைத்துவிட்டது. குழந்தையின் அம்மா எனக்குத்தான் கும்பிடு போட்டாள். நான் ஸ்டோருக்குத் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, மடித்து வைத்த போர்வைகளை ஓங்கி ஓங்கிக் குத்தினேன். குத்தியதில் கலைந்ததை மறுபடி மடித்தேன்.

அதற்குப் பிறகு பாதுகாப்பு அலுவலகத்துக்கு அலையோ அலையென்று அலைந்தேன். முதல் தடவை, மணமாகாதவர் அல்ல என்பதற்குச் சான்று கேட்டார்கள். கல்யாணச் சான்றிதழைக் கொடுத்தேன். அது மணமானவர்களுக்குத்தான் செல்லும் என்றார்கள். அடுத்த தடவை, இரண்டு சாட்சிகள் வேண்டும், அவர்கள் உரக்கச் சரிபார்க்கப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்றார்கள். முதல் சாட்சியாக எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவரைக் கூட்டிக்கொண்டு போனேன். போன வருடம் இந்த அலுவலகத்துக்காரர்கள் எங்கள் ஆஸ்பத்திரியில் 'நீங்கள் எவ்வளவு ஜாக்கிரதையானவர்?' என்று ஒரு விழிப்புணர்வு முகாம் நடத்தினார்கள். பிறந்த தேதி, அம்மா பெயர், மூன்று மாதிரிக் கையெழுத்து எல்லாவற்றையும் நிரப்பிக் கொடுத்த எங்கள் எல்லாருக்கும் 'ஜாக்கிரதையானவர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். டிரைவர் மட்டும் அம்மா பெயர் என்ற இடத்தில் 'சொல்ல மாட்டேன்' என்று எழுதிக் கொடுத்தார். இப்போது மைக்கில், "தாயார் பெயர், சொல்ல மாட்டேன்!" என்று படித்தார்கள். கூடமே சிரித்தது. ஆட்சேபணை இல்லை என்று முடித்துவிட்டார்கள். அவருடைய அம்மா பெயர் இனி அதுதான்.

நாலாவது தடவை போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போய், டோக்கனைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் அச்சு எழுத்து. அது வேறெங்கோ நடந்த முகாமில் நிரப்பிய அதே படிவத்தின் கால் பங்கு. யாரோ ஒரு முகம் தெரியாத ஆசிரியருடைய பிறந்த தேதியும் அவருடைய ஒரு கையெழுத்தும் அதில் இருந்தன. பையில் கிடந்த பழைய டோக்கன்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு கால் மனிதர்.

நேராக அதிகாரியின் அறைக்குள் நுழைந்தேன். டோக்கன்களை மேஜையில் பரப்பினேன்.

"இப்படித்தான் சார் என் விவரமும் போயிருக்கு! நாங்க எழுதிக் குடுத்த படிவத்தை வெட்டி டோக்கன் போட்டிருக்கீங்க!"

அதிகாரிக்குக் கோபம் வரவில்லை. பெருமைதான் வந்தது. "கண்டுபிடிச்சுட்டீங்களா! காகிதச் சிக்கனத் திட்டம். என்னோட யோசனைதான். மேலிடத்துல ரொம்பப் பாராட்டினாங்க."

"சார், அதுல ஜனங்களோட கையெழுத்து இருக்கு!"

"கால் பங்குதானேம்மா இருக்கு? ஒரு படிவத்தை நாலா வெட்டுறோம். ஒரு கால் துண்டை வச்சுக்கிட்டு யாரால என்ன பண்ண முடியும்? நாலும் சேர்ந்தாத்தானே ஆபத்து. நாலும் சேரணும்னா ஒரே ஆள் நாலு தடவை வரணும்."

"நாலு தடவை வராம இங்க யாருக்காவது வேலை முடியுதா?"

"நல்ல கருத்து," என்றார். குறிப்பேட்டை இழுத்து எழுதிக்கொண்டார். "இனிமே எட்டா வெட்டச் சொல்றேன்."

எனக்கு வாயில் நன்றாக வந்தது. கூடத்தில் அந்த நோட்டுப் புத்தகக்காரர் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன், தினம் வந்து எழுதிக்கொண்டு போகிறாரே என்று சொன்னேன். "அவர் நம்ம வழக்கமான பார்வையாளர். பொதுமக்கள் இவ்வளவு ஆர்வம் காட்டுறது நல்ல விஷயம்தானேம்மா," என்றார். அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போது, மாசக் கடைசி முடிந்ததும் வேறு என்ன வேலை தேடலாம் என்று யோசிக்க ஆரம்பித்தேன். எதுவும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்தது ஒரு வேலைதான்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, துணி ஸ்டோர் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பாதுகாப்பு அலுவலகத்துக் கார். டிரைவர் இறங்கி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் பெயரை, சரியாக!

அன்றைக்கு டோக்கன் இல்லை. கூடத்தில் உட்கார வைக்கவில்லை. பிடித்த நிறம் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கண்ணாடிக்கார அம்மாள் எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டார். உள்ளே அதிகாரியோடு, மேலிடத்திலிருந்து வந்த மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேஜையில் என் கோப்பு இருந்தது. அதில் ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த என் போட்டோ, என் உண்மையான விலாசம், என் வீட்டுக்காரர் பெயர் எல்லாம் இருந்தன. இத்தனை நாள் எங்கே இருந்தன என்று எனக்குத் தெரியவில்லை. நாலு நிமிடத்தில் எல்லாவற்றையும் சரிபார்த்து முடித்தார்கள்.

"இது நீங்கதானே?" என்றார் அதிகாரி, போட்டோவைக் காட்டி.

"ஆமாம் சார்! நான்தான்!" எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இதைத்தானே சார் இருபத்து நாலு நாளா சொல்லிக்கிட்டிருக்கேன்."

"எங்களுக்குச் சந்தேகமே இல்லம்மா. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தைப் படித்தேன். பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், என் பெயரும் என் பதிவு எண்ணும் கொண்ட நர்ஸ், ஒரு நோயாளிக்கு மருந்தை மாற்றி ஏற்றிவிட்டாளாம். அவர் மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து பிழைத்திருக்கிறார். நர்ஸ் மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. போன் எடுக்கவில்லை. விலாசத்தில் ஆளில்லை. அவளைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறியவர்களுக்கு என்னைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம்தான் ஆகியிருக்கிறது. விசாரணை முடியும்வரை பதிவு நிறுத்திவைக்கப்படுகிறது. கடைசி வரி: 'மேற்படி நபர் நானே.'

"இது நான் செய்யல சார். அவ செஞ்சது."

"பெயர் உங்களோடதுதானே?"

"ஆமாம்."

"நம்பர்?"

"என்னோடதுதான்."

"அப்புறம் என்னம்மா? இவ்வளவு நாள் நான்தான் அது, நான்தான் அதுன்னு வந்து நின்னீங்க. இப்ப நாங்க ஒத்துக்கிட்டோம்." கைகளை ஏந்திக்கொண்டார். "நல்லா யோசிங்க. கையெழுத்துப் போட்டா இன்னைக்கே பெயர் உங்களுக்குத் திரும்பி வந்துரும். விலாசம், போட்டோ, மணமானவர், எல்லாத்தையும் திருத்திடுவோம். போடலைன்னா, பெயர் அந்தம்மாகிட்டவே நிரந்தரமா இருந்துரும். அதுக்கப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த மூன்று பேரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயரை விட்டுவிட்டால் பத்தொன்பது வருடம் போச்சு. வாங்கிக்கொண்டால் அவள் செய்த பாவமும் என்னோடு வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நான்தான் அடி வாங்குகிறேன். ஆனால் என் மூளையில் ஒன்று ஓடியது. சொந்தக்காரி மட்டும்தான் புகார் கொடுக்க முடியும் என்று சொன்னார்களே! கையெழுத்துப் போட்டேன். முத்திரை குத்தினார்கள்.

"இப்ப நான் நான்தானே?" என்றேன்.

"சந்தேகமே இல்லம்மா."

"அப்போ என் புகாரை எடுத்துக்குங்க. என் விவரத்தை ஒருத்தி திருடியிருக்கா."

"தாராளமா," என்று படிவத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். "யார் மேல புகார்?"

"அந்தப் பொண்ணு மேல!"

அவர் கண்ணாடிக்கார அம்மாளைக் கூப்பிட்டுத் திரையைப் பார்க்கச் சொன்னார். திருத்தங்கள் அப்போதே ஏறிவிட்டிருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த அலுவலகம் ஒரு வேலையை உடனே செய்திருந்தது. என் போட்டோ, என் விலாசம். சிரித்த முகம் எங்கேயும் இல்லை.

"எந்தப் பொண்ணும்மா?" என்றார் அதிகாரி, நிஜமான குழப்பத்தோடு. "இந்தப் பதிவுல ஆரம்பத்துல இருந்து நீங்க ஒருத்தர்தானே இருக்கீங்க?"

அவர் எழுந்து வந்து கையைக் குலுக்கினார். அந்த மூன்று பேரும் குலுக்கினார்கள்.

மறுநாள் காலை முதல் பஸ் பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அந்த நோயாளியைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. செய்தது நானில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் என் பெயர் பட்ட உடம்பு அது.

வார்டு நர்ஸிடம் அந்தக் காகிதத்தின் நகலைக் காட்டி, நான் யார் என்று சொன்னேன். அவள் முகம் இறுகிவிட்டது. ஜன்னலோரக் கட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஐம்பது வயதுத் தச்சர். கன்னமெல்லாம் ஒடுங்கி, கை நீர் கோத்து வீங்கியிருந்தது.

"சார், உங்களுக்கு மருந்தை மாத்திப் போட்ட நர்ஸ் வந்திருக்காங்க," என்றாள்.

தச்சர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன்.

"இவங்க இல்ல," என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க சார். பெயர், நம்பர், கையெழுத்து, முத்திரை எல்லாம் இவங்களோடதுதான்."

எழுந்து உட்காரக்கூடத் தெம்பு இல்லாத அந்த மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்மா, எனக்கு ஊசி போட்டது முத்திரையா? ஒரு ஆளு வந்துதானே போட்டுச்சு? அந்த மூஞ்சி எனக்குத் தெரியாதா? இவங்க இல்ல. இவங்களை நான் இன்னைக்குத்தான் பாக்குறேன்."

இத்தனை நாளில் என் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்ன முதல் ஆள் அவர்தான். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. கட்டிலோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு அழுதேன். அவர் பதறிப்போய், வீங்காத கையைத் தூக்கி வார்டு நர்ஸைக் கூப்பிட்டார்.

"பாத்துக்கிட்டே நிக்கிறியே, சிஸ்டருக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா."